நின்றிருந்த வண்டி

வெள்ளிக்கிழமை விடிந்தும் தூறல் விடவில்லை. பதுர்தீன் இரண்டு மிளகு மூட்டைகளையும் பொலித்தீனால் சுற்றிக் கட்டி, மகன் அன்ஸாபின் முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில் ஏற்றினார். யட்டவத்தைக்கு மேலே அவருக்கு அரை ஏக்கர் மிளகுத் தோட்டம். மூன்று கிழமையாக வெயில் வருவதும் மறைவதுமாக இருந்ததில் மிளகு காயப்போடும் படங்கை விரிப்பதும் சுருட்டுவதுமே வீட்டில் வேலை. இனியும் வைத்திருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அவருக்குப் பயம்.

அன்ஸாபுக்கு முப்பத்தொரு வயது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஹயர் ஓடுவான். அன்றைக்கு மாத்தளையில் மிளகைப் போட்டுவிட்டு வருவதாகப் போனான். மனைவி மபாஸாவும் கூடப் புறப்பட்டாள். பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு கிழமை இருந்தது. அவள் சீருடை தைப்பவள். வெள்ளைத் துணி முடிந்துபோயிருந்தது. ஐந்து வயது மகள் ஸஹ்னாவை மாமியார் ஆஸியாவிடம் விட்டுவிட்டு, மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

மதகு தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு. அங்கே மரத்தடியில் மழைக்கு ஒதுங்கி இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். அவர்கள் கையைக் காட்டியபோது வண்டி ஏறக்குறைய அவர்களைக் கடந்துவிட்டது. ஈர ரோட்டில், மூட்டைப் பாரத்தோடு, சட்டென்று பிரேக் அடித்தால் வண்டி புரளும். அன்ஸாப் மெல்ல மெல்ல அமர்த்தி முப்பதடி தள்ளி ஓரமாக விட்டான்.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்றாள் மபாஸா.

"நிப்பாட்டிட்டேன் புள்ள. என்னத்துக்குப் பதறுற?"

எஞ்சினை அணைத்தான். ஒரு காலை வெளியே ரோட்டில் ஊன்றிக்கொண்டு, லைசனை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். அப்போதுதான் வெடி கேட்டது. பின்பக்க ரெக்ஸினைக் கிழித்துக்கொண்டு மபாஸாவின் தோளோரமாக ஏதோ சுட்டுக்கொண்டு போனது. அன்ஸாப் ஹேண்டிலின் மேல் தலையைச் சாய்த்தான். தூக்கம் வந்தவன் மாதிரிதான் சாய்ந்தான். பிறகுதான் கழுத்திலிருந்து இரத்தம் அவள் மடிவரைக்கும் வந்தது.

துவக்கோடு ஓடி வந்த சார்ஜன்ட் உள்ளே குனிந்து பார்த்தான். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "ஏன் நிப்பாட்டல்ல?" என்று சிங்களத்தில் அவளைக் கேட்டான்.

"நிப்பாட்டித்தான் ஈக்கி! பாருங்க, நிப்பாட்டித்தான் ஈக்கி!" அவளும் சிங்களத்திலேயே கத்தினாள்.

அவன் கொஞ்சம் தள்ளிப் போய் மழையில் நின்று யாருக்கோ போன் எடுத்தான்.

பதுர்தீன் தோட்டத்துச் சேற்றுக் காலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அன்ஸாப் மவுத்தாகி இரண்டு மணித்தியாலம். மபாஸாவைத் தோள் காயத்துக்கு மருந்து கட்ட உள்ளே வைத்திருந்தார்கள். பிணவறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் மூன்று பொலிஸ்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பதுர்தீனைக் கூப்பிட்டு, கதிரை கொடுத்து, தண்ணீரும் கொடுத்தார்கள். சிங்களத்தில் ஒரு தாள் எழுதியிருந்தது. அவர் கையெழுத்து வைத்தார். பின்னேரம் மூன்றரைக்குப் பிணப் பரிசோதனை முடிந்து மையத்து வெளியே வந்தது. அந்தியில் மஃரிப் தொழுகைக்கு முன்னால் அடக்கம் முடிந்தது.

இரவுச் செய்தியில், உத்தரவை மீறி ஓடிய முச்சக்கர வண்டியின் டயருக்குச் சுட்டபோது சாரதி இறந்ததாகச் சொன்னார்கள். மிளகு மூட்டைகளைக் கஞ்சா தேடிக் கத்தியால் கிழித்திருந்தார்கள். உள்ளே மிளகுதான் இருந்தது. பொலிஸ் நிலைய முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடந்து அது மழையில் ஊறியது.

கையெழுத்து வைத்த தாளில் அன்ஸாபுக்கு எதிராக எழுதியிருந்ததாகப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. "எனக்குச் சிங்களம் வாசிக்க ஏலாதே. கையெழுத்து வெச்சாத்தான் மையத்து வரும்னு செல்லினாங்க" என்றார் பதுர்தீன். கேட்டவர்களெல்லாம் பொலிஸைத்தான் ஏசினார்கள்.

கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் மபாஸா உட்கார்ந்தாள். நாலு மாதமும் பத்து நாளும். உள்ளறைக்கு வெள்ளைச் சீலையில் திரை போட்டார்கள். மூன்று நாள் அயல் வீடுகளிலிருந்து சோறு வந்தது. நாலாம் நாள் ஆஸியா அடுப்பைப் பற்றவைத்தாள். ஏழாம் நாள் மபாஸா தையல் மெஷினை அறைக்குள் கொண்டுவரச் சொன்னாள். துணி கொடுத்தவர்கள் கேட்க வெட்கப்பட்டார்களே தவிர, அவர்களின் பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டியிருந்தது. தோள் காயம் ஆறும் முன்பே மிதிக்கத் தொடங்கினாள். வெளியே பதுர்தீன் ஏணி வைத்து மிச்ச மிளகைப் பறித்தார். பின்னேரத்தில் ஆஸியா கதிர்களைப் படங்கில் போட்டு மிதித்து உதிர்ப்பாள். இவளின் மெஷின் சத்தமும் அவளின் கால் சத்தமும் அந்த வீட்டில் மாறி மாறிக் கேட்டன. பேச்சு குறைந்துபோனது.

ஆள் இறந்ததால் சார்ஜன்ட்டைப் பிடித்து விளக்கமறியலில் வைத்திருந்தார்கள். மபாஸாவுக்காக வழக்கைச் சட்டத்தரணி டயனா எடுத்தாள். இரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவள். நடுத்தர வயது. ஒருநாள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரைக்குள்ளே வந்து, மபாஸாவுக்கு எதிரே பாயிலேயே உட்கார்ந்தாள். ஆஸியா பிளேன்டியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒங்க மாமா குடுத்த வாக்குமூலந்தான் பெரிய தடங்கலா இருக்கு" என்றாள் டயனா. "மகன் எப்பவும் வேகமா ஓட்டுவான், பொலிஸ் மறிச்சா நிக்க மாட்டான், யார் மேலயும் எனக்கு முறைப்பாடு இல்லைன்னு எழுதியிருக்கு."

"மாமாக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியா மிஸ்."

"அதத்தான் கோர்ட்டுல சொல்லப் போறேன். விளங்காம வெச்ச கையெழுத்து செல்லாதுன்னு. ஆனா அது போதாது. வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்ல ஒங்களத் தவிர ஆள் இல்ல. மத்தக் கான்ஸ்டபிள் மழையில சரியாத் தெரியலன்னுட்டான்."

"நான் வந்து செல்லோணுமா?"

"வந்துதான் சொல்லணும். திரைக்குள்ள இருந்து சொல்ல ஏலாது."

மபாஸா கையிலிருந்த வெள்ளைக் காலரை மடித்தாள், பிரித்தாள். "வாரேன்" என்றாள்.

அழைப்பாணை வந்த செய்தி ஊரில் பரவ ஒரு பகல் போதுமாயிருந்தது. அடுத்த நாளே பள்ளிவாசல் தலைவர் றஹீம் ஹாஜியார் வந்தார். டவுனில் இரண்டு கடை வைத்திருப்பவர். அன்ஸாபின் ஜனாஸாவுக்கு வேன் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். விறாந்தையில் உட்கார்ந்து, உள்ளே கேட்கட்டும் என்றே உரத்துப் பேசினார்.

"பதுர்தீன் நாநா, இத்தாவுல ஈக்கிற பொம்புள கோர்ட்டுப் படி ஏறினதா இந்த ஊர்ல இதுவரைக்கும் இல்ல. நூறு ஆம்பிளைக்கு முன்னால நிக்கோணும். ஒரு தவண எடுங்க. இத்தா முடியட்டும்."

பதுர்தீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸியாதான் கதவடிக்கு வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினாள்.

"மௌலவிக்கிட்டக் கேட்டாச்சு ஹாஜியார். நானே போய் அவர்ட பொஞ்சாதிக்கிட்டச் செல்லிக் கேட்டேன். தேவைக்கிப் பகல்ல போய், பொழுது படமுந்தி வந்தாக் குத்தமில்லன்னு செல்லியீக்கிறாரு."

"அது மார்க்கத்துச் சட்டம் தங்கச்சி. நான் ஊரச் செல்றேன்."

"ஊரு என்ன செல்லுது?"

ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "நாங்க இங்க கொஞ்சப் பேரு. ரோட்டுல கடை, ரோட்டுல வண்டி. நாளைக்கிப் பொலிஸ் நெனச்சா ஒவ்வொரு வண்டியையும் மறிச்சி மறிச்சி அறுத்துருவாங்க. ஒங்கட மகன் திரும்ப வாரதா ஈந்தா நானே முன்னுக்கு நிப்பேன்."

"அப்ப நீங்க பயத்துல செல்றீங்க" என்றாள் ஆஸியா. "அத அப்பிடியே செல்லுங்க. மருமகள்ட இத்தாவப் பிடிச்சிக்கொண்டு பேச வேணாம்."

ஹாஜியார் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினார். போகும்போது பதுர்தீனின் தோளில் கையை வைத்து, "நாநா, நீங்க வெச்ச கையெழுத்தும் அங்க வரும். அதையும் யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனதில் எதையும் வைத்து அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் பதுர்தீன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் பின்னேரம் ஆஸியா பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போயிருந்தாள். பதுர்தீன் சுளகில் மிளகை எடுத்துக்கொண்டு வந்து உள்ளறை வாசலில் உட்கார்ந்து காம்பு பொறுக்கினார். வெகு நேரம் பொறுக்கினார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மகள்."

"செல்லுங்க மாமா."

"அந்தப் பேப்பர எனக்கு வாசிச்சிக் காட்டினாங்க."

மெஷின் நின்றது.

"வாசிக்கத் தெரியாதுன்னு நான் ஊருக்குச் செல்லினது மெய்தான். ஆனா அந்தப் பெரியவன் ஒரு ஒரு வரியா வாசிச்சான். நாப்பது வருசமா சிங்கள ஆக்களோட மிளகு யாவாரம் செய்றவன் நான். எனக்கு எல்லாம் வெளங்கினிச்சு."

"அவரு நிப்பாட்டல்லன்னு வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க."

"பொலிஸ் மறிச்சா நிக்க மாட்டான்னும்?"

"அதையும்."

பதுர்தீன் சுளகைப் பார்த்தே பேசினார். "இல்லாட்டி வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்னாங்க. மூணு நாளாகும், திரும்ப வெட்டுவாங்கன்னாங்க. வெள்ளிக்கிழம. இங்க கபுற வெட்டி வெச்சிட்டு ஊரே நிக்கிது. அவன அந்த ஐஸ் பொட்டிக்குள்ள போட்டு வெச்சீந்தத நான் கண்டேன் மகள். என்ட புள்ளைய மண்ணுக்குள்ள வெச்சாப் போதும்னு மட்டுந்தான் தலைக்குள்ள ஈந்திச்சு."

"நான் ரெண்டு அறைக்கு அங்கால ஈந்தேன் மாமா" என்றாள் மபாஸா. குரல் உயரவில்லை. "உடுப்பெல்லாம் அவர்ட இரத்தம். எனக்குப் பேச ஏலும். கண்ணால கண்டது நான். ஒரு வார்த்த என்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

பதுர்தீன் ஒரு காம்பைப் பொறுக்கி எறிந்தார். "கேட்டா நீ வெக்க வேணாம்னு செல்லுவாய்."

மழை இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதை எடுக்க எழும்பவில்லை.

"டயனா மிஸ்ஸுக்கிட்டச் செல்லாத மகள்" என்றார் கடைசியாக. "வெளங்காமத்தான் வெச்சேன்னு ஈக்கட்டும். கேஸுக்கும் அதுதானே நல்லம்."

அவள் மெஷினை மறுபடி மிதித்தாள். டயனாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

இத்தாவின் ஐம்பத்திரண்டாம் நாள் வழக்கு. சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஆஸியா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். மபாஸா வெள்ளைச் சேலைக்கு மேல் கறுப்பு அபாயாவும், முகத்திரையும், கையுறையும் போட்டுக்கொண்டாள். வாடகை வேனில் மாமனாரும் மருமகளும் போனார்கள். ஐம்பத்தொரு நாளுக்குப் பிறகு வெளிச்சத்தில் அவளுக்குக் கண் கூசியது. மதகடி வளைவு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதுர்தீன் மூடவில்லை.

காலை ஒன்பது மணியிலிருந்து நீதிமன்ற வளவில் நின்றார்கள். உட்கார இருந்த இரண்டு வாங்குகளும் நிறைந்திருந்தன. சார்ஜன்ட்டைச் சிறைச்சாலை பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். மெலிந்துபோயிருந்தான். அவனுடைய மனைவி கைக்குழந்தையோடு வந்து, வேலிக்கு அப்பால் நின்று சாப்பாட்டுப் பார்சலைக் காட்டிக் காட்டி அழுதாள். மபாஸா அவளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் இவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒன்றரை மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். மபாஸா கூண்டில் ஏறி, முகத்திரையை உயர்த்தி, உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்தாள். டயனா கேட்கக் கேட்கத் தமிழில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் நீதவானுக்குச் சொன்னார். அவர் வயதான மனிதர். காலையிலிருந்து பத்து வழக்குக்குப் பேசிக் களைத்திருந்தார்.

"வெடி சத்தம் கேட்டப்ப வண்டி எப்பிடி இருந்துச்சு?"

"வண்டிய நிப்பாட்டித்தான் ஈந்திச்சி. எஞ்சினையும் நூத்திட்டாரு. ஒரு கால ரோட்டுல வெச்சிக்கொண்டு லைசன எடுத்தாரு."

"நவத்தன்ன ஹெதுவா" என்று தொடங்கினார் மொழிபெயர்ப்பாளர். நிறுத்தப் பார்த்தார் என்று அர்த்தம்.

"இல்ல" என்றாள் மபாஸா. மண்டபம் திரும்பிப் பார்த்தது. "நான் அப்பிடிச் செல்லல்ல. நிப்பாட்டப் பாத்தாருன்னு செல்லல்ல. நிப்பாட்டி ஈந்திச்சின்னு செல்லினேன்." பிறகு நீதவானைப் பார்த்து, அதையே நல்ல சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நவத்தலா திபுணே, சேர். நவத்தலா திபுணே."

நீதவான் எழுதியதை வெட்டித் திருத்தி எழுதினார். டயனாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துபோனது. ரெக்ஸினில் துளை எங்கே இருந்தது என்று கேட்டாள். தன் தோளுக்கு நேரே என்று மபாஸா கையால் காட்டினாள். "டயர் கீழ ஈக்கி. இதுக்கும் அதுக்கும் இவ்வளவு தூரம்." அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சார்ஜன்ட்டின் சட்டத்தரணி எழும்பினார். மரியாதையான மனிதர். அனுதாபம் சொல்லித்தான் ஆரம்பித்தார். பிறகு கேட்டார். "உங்களுக்கு மிக நன்றாகச் சிங்களம் விளங்குகிறது, இல்லையா?"

"ஓ."

"வீட்டில் எல்லோருக்கும் விளங்குமா? நாற்பது வருடம் சிங்களவர்களோடு வியாபாரம் செய்யும் உங்கள் மாமனாருக்கு?"

டயனா எழும்பி ஆட்சேபித்தாள். வாசிக்கத் தெரிவது வேறு, விளங்குவது வேறு, அவருக்கு அந்த வாக்குமூலம் என்னவென்றே தெரியாது என்றாள். மபாஸா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் திருத்திய ஒரு சொல்லால் எந்தக் கதவு திறந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

"அவரையே கேட்போம்" என்றார் நீதவான்.

பதுர்தீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறினார். அல்லாஹ்வின் பேரில் உண்மை சொல்வதாகச் சொன்னார். தாளைக் காட்டினார்கள். கையெழுத்து என்னுடையதுதான் என்றார்.

"இதை உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா?" என்று சார்ஜன்ட்டின் சட்டத்தரணி கேட்டார்.

டயனா அவரைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தாள். இல்லை என்று ஒரு சொல் போதும். பதுர்தீன் மருமகளைத் தேடிப் பார்த்தார். அவள் சுவரோரமாக நின்றாள். அவள் முகத்திரையை இறக்கியிருந்தாள். அதில் அவருக்கு எந்த உத்தரவும் கிடைக்கவில்லை.

"வாசிச்சாங்க" என்றார். "எல்லாம் வெளங்கினிச்சு. பொய்ன்னு தெரிஞ்சிதான் வெச்சேன். என்ட மகன் அப்பிடி ஓட்றவனில்ல. மறிச்சா நிக்கிறவன். வெக்காட்டி மையத்தத் தர மாட்டோம்னாங்க. வெச்சேன். தந்தாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டார்.

சட்டத்தரணி சிரிக்கவில்லை. அவர் குரலில் வெற்றியும் தெரியவில்லை. "ஆக, தேவை என்று வந்தால் பொய் என்று தெரிந்தே வாக்குமூலம் கொடுப்பவர் நீங்கள். இன்று சொல்வதை மட்டும் நாங்கள் எப்படி நம்புவது?"

பதுர்தீன் மேசையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு கூண்டிலிருந்து இறங்கினார்.

மூன்று மணிக்குக் கட்டளை. சாட்சிகளுக்குள் முரண்பாடு இருக்கிறது. துவக்குப் பற்றிய அறிக்கை இன்னும் வரவில்லை. சார்ஜன்ட்டுக்குப் பிணை வழங்கப்படுகிறது. அடுத்த தவணை ஏப்ரல் இருபத்தொன்று. சார்ஜன்ட்டின் மனைவி குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். வெளியே வந்ததும் டயனா கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எனக்கு முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள். கோபத்தைவிடக் களைப்புத்தான் அதில் இருந்தது. "சொல்லியிருந்தா மிரட்டி வாங்கினாங்கன்னு அந்தப் பக்கத்துல இருந்தே நான் தொடங்கியிருப்பேன். பாப்போம். பயந்து போயிராதீங்க."

பொழுது படும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மபாஸா குளித்து, உடுப்பு மாற்றித் திரைக்குள் போனாள். சார்ஜன்ட் தன் வீட்டுக்குப் போயிருப்பான். இவளுக்கு இன்னும் எழுபத்தாறு நாள் இருந்தது.

அயல் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். துவக்கைப் பற்றியோ பிணையைப் பற்றியோ ஒருத்தியும் கேட்கவில்லை.

"மொகத்தத் தொறந்துதான் பேசினியாம்?"

"ஓ."

"அப்ப இத்தாவ மொதல்ல ஈந்து எண்ணோணுமாமே?"

"ஆரு செல்லின?" என்றாள் ஆஸியா.

"ஊர்ல கதைக்கிறாங்க மாமி. நானா செல்றேன்?" அந்தப் பெண் சேலைத் தலைப்பை முறுக்கினாள். பிறகு, "மாமா கையெழுத்த வெச்சித்தான் மையத்த வாங்கினாராம். அதையும் கதைக்கிறாங்க" என்றாள்.

ஆஸியா எழும்பி வாசல் கதவை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்கள் போன பிறகு அவள் விறாந்தையில் உட்கார்ந்திருந்த கணவனிடம் போனாள்.

"எனக்காவது செல்லியீக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். பிறகு குசினிக்குள் போய், பலாக்காய்க் கறிக்குத் தேங்காய் திருவத் தொடங்கினாள்.

மஃரிப் முடிந்து பதுர்தீன் திரையடிக்கு வந்து நின்றார்.

"மகள், இன்னைக்குச் செல்லிட்டேன்."

"கேட்டேன் மாமா."

"என்னைய மன்னிச்சிரு."

மபாஸா மெஷினில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஊசிக் காது பிடிபடவில்லை. நூலின் நுனியை நாக்கில் நனைத்து மறுபடியும் முயன்றாள்.

"நீங்க அன்னைக்கு வெக்காட்டி, மூணு நாள் அந்தப் பொட்டிக்குள்ள கெடந்தீப்பாரு. அவ்வளவுதான். அவரு மவுத்தாகிட்டாரு மாமா. அவருக்கு நோவாது" என்றாள். "இப்ப அவரு நிக்காம ஓடினவரு. பேப்பர்ல அப்பிடித்தான் ஈக்கி. என்ட புள்ள பெருசாகி வாசிச்சாலும் அப்பிடித்தான் ஈக்கும். மன்னிச்சேன்னு செல்ல எனக்கு இன்னைக்கு ஏலா."

பதுர்தீன் போகவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் அவரின் கால் விரல்கள் தெரிந்தன. பெருவிரல் நகத்தில் தோட்டத்து மண் இன்னும் இருந்தது.

"ஏப்ரல் இருபத்தொன்றுக்கு வருவீங்களா?" என்று மபாஸா கேட்டாள்.

"வருவேன் மகள். எத்தன தவண போட்டாலும் வருவேன்."

"அப்ப அன்னைக்குச் சாப்பிட்டுட்டு வாங்க. இன்னைக்கு ரொட்டியத் தொடவேயில்ல நீங்க. அங்க நாள் பூரா நிக்க வெப்பாங்க."

நூல் ஊசிக் காதில் நுழைந்தது. அவள் மிதிக்கத் தொடங்கினாள்.